ரெண்டு நிமிசம், லைன்லயே இருங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தோட்டத்தில் ஒரு வளைவுக்கு ஒரு முனி, ஒரு பாலத்துக்கு ஒரு மோகினி என்று கணக்கு இருந்தது. அத்தனை வளைவிலும் தனியாக நடந்திருக்கிறேன். அட்டையைத் தவிர வேறொன்றும் என்னைப் பிடித்ததில்லை. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றும் சொல்லலாம், ஆனால் கேட்டது இந்தக் காதுதான், பேசியது இந்த வாய்தான்.

எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஆளாளுக்கு ஒரு நேரக் கணக்கு. "ஒரு நிமிசம்" என்று எழுதிவிட்டுப் போகிறவன் பிளேன்டீ குடித்துவிட்டு வருவான். "அஞ்சு நிமிசம்" என்றால் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவான் என்று அர்த்தம். "இந்தா வந்துட்டேன்" என்றால் அன்றைக்கு வரவே மாட்டான். எல்லோருக்கும் அது விளையாட்டு. நான் மட்டும் கோபப்படுவேன், வரமாட்டாய் என்றால் வரமாட்டேன் என்று எழுதிவிட்டுப் போ, யாரையும் காக்க வைக்காதே என்று கத்துவேன். மாமாவுக்கு எதற்கு இவ்வளவு சூடு என்று போன வாரம் மருமகள் கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவிலிருந்து படித்து வந்து தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் கிளார்க் ஆனவன், அதனால் மூக்கு கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஃபேக்டரியின் சின்ன ஆபீஸ் அறைச் சுவரில் மரப்பெட்டி போன் ஒன்று மாட்டியிருந்தது. பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். மறுமுனையில் மட்டும் அடித்தால் பரவாயில்லை, ஒரே கம்பியில்தான் மொத்தத் தோட்டமும் தொங்கியது. ஃபேக்டரிக்கு ரெண்டு மணி, மேல் டிவிசனுக்கு மூன்று மணி என்று எண்ணிக்கை இருந்தாலும் எங்கே கூப்பிட்டாலும் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் பங்களாவிலும் சேர்ந்து அலறும். துரை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்கிற மனிதர். தேவையில்லாமல் மணி அடித்தவனை மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை தொழிலாளிகளுக்கும் முன்னால் வைத்துக் கிழித்துவிடுவார்.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேச்சுக்கு நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் போனை வைக்க மாட்டோம். வைத்தால் திரும்ப மணி அடிக்க வேண்டுமே! "ரெண்டு நிமிசம், லைன்லயே இருங்க" என்று சொல்லி ரிசீவரை மேசையில் மல்லாத்திப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். ரெண்டு நிமிசம் அரை மணியாகும். காத்திருக்கிறவரும் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். திரும்பி வந்து "ஹலோ, இருக்கீங்களா" என்று கத்தினால், "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் வரும்.

இதில் சேராத ஒரே ஆள் மேல் டிவிசன் பார்வதியக்கா. அங்கே பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், ஆயாவாக இருந்தார். மடுவத்தை ஒட்டினாற்போல் கணக்கப்பிள்ளையின் அறை, போன் அங்கேதான். கணக்கப்பிள்ளை பகலெல்லாம் மலையில் நிற்பார் என்பதால் கொழுந்து நிறுத்த கணக்கைப் போனில் எனக்குச் சொல்வது பார்வதியக்காதான். அந்தப் பெண் ஒரு நிமிசம் என்றால் ஒரு நிமிசம்தான். "புள்ள அழுவுதுங்கய்யா, மூணு நிமிசத்துல வாறேன்" என்று போனால் மூன்றாவது நிமிடம் அங்கே இருப்பார். அதுவரை நானும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். நான் இருக்க மாட்டேன். அவரோ எவ்வளவு நேரமானாலும் ரிசீவரைக் கீழே வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார், இடுப்பில் ஒரு குழந்தையோடு.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தம்பி என்று கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கால்சட்டையும் சப்பாத்தும் போட்ட பொறகு தம்பியாவது! கிளாக்கரையான்னே இருக்கட்டும்" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. அதற்கு முந்தின வருடம் மழைக்காலத்தில் யாரையும் கேட்காமல் குழந்தைகளை நேரத்தோடு லயத்துக்கு அனுப்பிவிட்டார் என்று மூன்று நாள் அவருக்கு வேலை கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். புருசன் இல்லாத பெண், அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டார்.

அது ஜூன் மாதம். மூன்று நாளாக விடாமல் மழை. பட்டப்பகலிலேயே பனிமூட்டம் இறங்கி ஃபேக்டரிக்குள் விளக்குப் போட்டிருந்தோம். மதியம் ரெண்டு மணிக்கு போன் ரெண்டு தடவை அடித்தது. கொழுந்து நிறை சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

"ஐயா, நிறை பொறவு சொல்றேன். இங்க மடுவத்துக் கதவு சாத்த மாட்டேங்குதுங்க."

"மழையில பலகை ஊதியிருக்கும்க்கா."

"இல்லீங்க. காலையில நல்லா சாத்துச்சு. இப்ப நெலையே கோணிக்கிட்டு நிக்கிது. பின்னால மலையிலருந்து வர்ற பீலித் தண்ணியும் செவப்பா கலங்கி வருது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. புள்ளைங்கள கோயில் மேட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டுங்களான்னு கேட்டுச் சொல்லுங்கய்யா. கண்டாக்கையாவோ தொரையோ யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு அந்த நேரம் எங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. துரையிடம் நான் நேரடியாகப் பேச முடியாது, ஃபேக்டரிக்குத் தலைவரான டீமேக்கர் வழியாகத்தான் பேச வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ரெண்டு மணி ஐந்து.

"ரெண்டு நிமிசம் அக்கா, லைன்லயே இருங்க. டீமேக்கர்கிட்ட கேட்டுக்கிட்டு வந்துர்றேன்."

"சரிங்க. நிக்கிறேன்."

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டுப் போனேன். உள்ளே தேயிலை காய்கிற டிரையரின் பெல்ட் அப்போதுதான் அறுந்திருந்தது. உள்ளே ஒரு தட்டுத் தேயிலை கருகுகிற வாசம். டீமேக்கர் சாமுவேல் ஐயா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "ஐயா, மேல் டிவிசன்ல..." என்று ஆரம்பித்தேன். "எல்லாம் பொறவு! மொதல்ல இதப் புடி!" என்றார். பிடித்தேன். இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சூடும் சத்தமும் பதற்றமுமாக நிஜமாகவே மறந்துபோனேன். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் என்னை அவ்வளவு திட்டியிருக்கிறேன்.

இடையில் பெரிதாக ஒரு உறுமல் கேட்டது, காலடியில் தரை ஒருதரம் அதிர்ந்தது. இடி என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தரும் வேலையை நிறுத்தவில்லை.

பெல்ட்டை மாட்டி முடிக்கிற நேரம், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வீரன் வாசலில் வந்து விழுந்தான். தலை முதல் கால்வரை சேறு. மேல் டிவிசனிலிருந்து அரை மணி நேரம் ஓடி வந்திருக்கிறான்.

"மலை எறங்கிருச்சுங்க. புள்ள மடுவம் போச்சு. என் கண்ணு முன்னாலேயே போச்சுங்க, ஒன்னுமே இல்ல, மண்ணுதான்!"

எல்லோரும் மம்பட்டி, கயிறு என்று ஓடினார்கள். எனக்கு அப்போதுதான் மேசையில் கிடக்கிற ரிசீவர் ஞாபகம் வந்தது. ஆபீஸ் அறைக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கடிகாரம் ரெண்டு மணி ஐம்பதைக் காட்டியது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தம். குழந்தைகளின் இரைச்சல். ஒன்று ஏதோ பாட்டை இழுத்து இழுத்துப் பாடுகிறது.

"அக்கா?" என்றேன்.

"ஆங், சொல்லுங்கய்யா. அதிசயமா இருக்கே! ரெண்டு நிமிசம்னு சொல்லிட்டு ரெண்டே நிமிசத்துல வந்துட்டீங்க!"

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். அது அவர் குரல். அந்தக் கேலியும் அவருடையதுதான். வெளியே வீரன் தலையில் அடித்துக்கொண்டு அழுவது ஒரு காதில் கேட்கிறது, மறு காதில் அந்தக் குழந்தை பாடுகிறது.

"அக்கா, அங்க மணி என்ன?"

"கணக்கப்புள்ளையாவோட கடியாரத்துல ரெண்டு மணி ஏழுங்க. ஏங்கய்யா?"

அப்போது நான் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் பயத்தில் போனை வைத்திருப்பேன். "புள்ளைங்கள எல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய போங்க. கோயில் மேட்டுக்கு. இப்பவே போங்க!" என்று கத்தினேன்.

"தொர சொன்னாருங்களா?"

பாருங்கள், அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டார். துரைக்கு இது எதுவும் தெரியாது. "சொல்லிட்டாரு. தொரையே சொல்லிட்டாரு. போங்கக்கா" என்றேன்.

"சரிங்க. ரெண்டு நடை போகணும், கைப்புள்ளைங்க ஆறு இருக்கு. நீங்க வச்சிராதீங்கய்யா. கொண்டுபோய் விட்டுட்டு, பத்து நிமிசத்துல வந்து சொல்றேன்."

இங்கேதான் நான் பாவி ஆனேன். திரும்பி வராதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். ஆனால் வருடக்கணக்காக என் வாயில் ஊறிப்போன பதில் வேறு, அதுதான் தானாக வந்தது.

"சரிக்கா. நான் இருக்கேன், வாங்க."

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. "எந்திரிங்க, எந்திரிங்க, ஒருத்தர் கைய ஒருத்தர் புடிங்க" என்று அவர் சொல்வது தூரத்தில் கேட்டது. காலடிகள், ஒரு கைக்குழந்தையின் வீறல், எல்லாம் மெல்ல மெல்ல வெளியே போயின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா! அக்கா! திரும்ப வராதீங்க!" என்று பெட்டிக்குள் வாயை வைத்துக் கத்தினேன். மழைச் சத்தம் மட்டும்தான். மறுபடி கத்தினேன். ஒரு நடை வந்து மிச்சக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போவது போல் கேட்டது, என் குரல் அவருக்கு எட்டவில்லை. எத்தனை நிமிடம் அப்படி நின்றேன் என்று சொல்ல முடியாது. வந்தால் முதல் வார்த்தையாக "ஓடுங்க" என்று சொல்ல வேண்டும், அதை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சாமுவேல் ஐயா உள்ளே வந்தார். "என்னடா செய்யிற இங்க? எல்லாரும் மேல போறாங்க!"

"பார்வதியக்கா லைன்ல இருக்காங்கய்யா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "பைத்தியமா ஒனக்கு? போஸ்டு, கம்பி எல்லாம் மண்ணோட போயிருச்சாம். எந்த லைன்ல?" என்று ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார். காதில் வைத்தார். ஒரு மூச்சு நேரம்தான். கொக்கியில் மாட்டினார். "ஒன்னுமில்ல, செத்துக் கெடக்கு. வா, மம்பட்டிய எடு" என்று என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் திமிறிக்கொண்டு திரும்பி வந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு இரைச்சல்கூட இல்லை. கைப்பிடியைச் சுற்றினேன், எங்கேயும் மணி அடிக்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது தாய்மார் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார்கள். தலையில் போட்ட கம்பளியோடு, கொழுந்துக் கூடையை இறக்கக்கூட நினைவில்லாமல், கையாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மடுவம் இருந்த இடத்தில் சிவப்புச் சேறுதான். அந்த ஓலத்தைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் கோயில் மேட்டைப் பார்த்தேன். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மேட்டுல பாருங்க, மேட்டுல பாருங்க" என்று கத்திக்கொண்டு நான்தான் முதலில் ஓடினேன்.

அத்தனை குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். மாரியம்மன் கோயிலுக்குள் ஒண்டிக்கொண்டு, நனைந்து, குளிரில் நீலம் பாரித்து, ஆனால் ஒன்றுகூடக் குறையாமல். மூத்தவள் செல்லம்மா, பத்து வயது. கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அன்று பள்ளிக்கூடம் போகாமல் மடுவத்தில் இருந்தவள். மடியில் ரெண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆயா எங்க?" என்று கேட்டேன்.

"தொர போகச் சொல்லிட்டாருன்னு எங்களக் கூட்டிக்கிட்டு வந்திச்சுங்க. ரெண்டு தரம் வந்திச்சு. எல்லாரையும் எண்ணிப் பாத்திச்சு. பொறவு, கிளாக்கரையா போன்ல காத்துக்கிட்டு இருப்பாரு, சொல்லிட்டு வந்துர்றேன், யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு மடுவத்துக்குப் போச்சு. அது உள்ள போன பொறவுதான் மலை வந்திச்சு."

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மலை வந்தது எப்போது? வீரன் ஓடி வருவதற்கு அரை மணி முன்பு. நான் பார்வதியக்காவிடம் பேசியது வீரன் வந்த பிறகு. அப்படியென்றால் இவர்களைப் போகச் சொன்னது யார்? நான்தான். துரை சொன்னார் என்ற பொய்கூட என்னுடையதுதான். இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இன்றுவரை சரியாக வரவில்லை. பார்வதியக்காவே பயந்துபோய், தானே அந்தப் பொய்யைச் சொல்லிக் கூட்டிப்போயிருப்பார், நீங்கள் பிரமையில் பேசியிருக்கிறீர்கள் என்று படித்த ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். இருக்கலாம். அப்படி இருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

மறுநாள் காலை அவரை எடுத்தார்கள். குழந்தைகள் படுக்கிற பக்கத்தில் இல்லை, கணக்கப்பிள்ளையின் அறையில், சுவரோரமாக. தன் பேரைச் சொல்லி உத்தரவு போட்டது யார் என்று துரை விசாரித்தார். பிறகு எல்லாக் குழந்தைகளும் பிழைத்ததைப் பார்த்து அவரும் விட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழெட்டு வருடம் போயிற்று. சாமுவேல் ஐயா ஓய்வு பெற்றுத் தலவாக்கலைக்குக் குடிபோனார். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். லொறியில் எல்லாம் ஏற்றி முடிந்து, வெறும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கும்போது அவராகவே கேட்டார்.

"அன்னைக்கு நீ போன்ல பேசிக்கிட்டுத்தானே இருந்த?"

அதற்கு முன் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நான் ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன் தம்பி. லைன் செத்துக் கெடக்கல. நான் வாங்கி காதுல வச்சேன்ல, யாரோ மூச்சு வாங்க ஓடி வந்து எடுத்த மாதிரி இருந்திச்சு. ‘கிளாக்கரையா, புள்ளைங்க எல்லாம் போயிச் சேந்திருச்சுங்க. நானும் போகட்டுங்களா?’ன்னு ஒரு பொம்பளக் கொரல்."

"நீங்க என்னங்கய்யா சொன்னீங்க?"

"பயந்துட்டேன்டா. வச்சிட்டேன்."

லொறிக்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினார். அவரும் இப்போது இல்லை. கேட்காமல் ஓரடி எடுத்து வைக்காதவர் பார்வதியக்கா. அவர் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.